சோழவரத்தில் எழுதப்படாத பெயர்கள்

காலடிப்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையின் பின்கட்டில், எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை நாங்கள் மூவர் அண்மையில் சந்தித்தோம். சோழவரம் கார்ப் பந்தயங்களைப் பற்றிக் கேட்பதற்காகவே போயிருந்தோம். எந்த ஆண்டில் யார் வென்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. அதில் அவருக்குப் பெரிய அக்கறையும் இல்லை. ஆனால் ஒரு ஹெரால்டு எஞ்சினின் ஹெட்டை எவ்வளவு இழைத்தார்கள், ஒரு நூல் கூடுதலாக இழைத்தபோது என்ன ஆயிற்று, பந்தயத்துக்கு முதல்நாள் இரவு கேஸ்கட் போனபோது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதை எப்படி மாற்றினார்கள் என்பதையெல்லாம் நேற்று நடந்ததைப் போலச் சொன்னார். சொல்லும்போது அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் காற்றில் ஒரு சிறு இடைவெளியை அளந்துகொண்டே இருந்தன. புறப்படும்போது, "ஐயா, உங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டோம்.

"எம் பேரு எதுக்கு தம்பி? வண்டி மொதலாளிது. ஓட்னது அவரு. நான் வேல பாத்தேன், அவ்ளோதான்."

அவர் விருப்பப்படி அந்தப் பெயரை இங்கும் எழுதவில்லை. ஆனால் அந்த "அவ்ளோதான்" எங்களை விடவில்லை. சோழவரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் கார்களின் பெயர்கள் இருக்கின்றன. உரிமையாளர்களின் பெயர்களும் ஓட்டியவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அந்தக் கார்களை ஓடவைத்த கைகளின் பெயர்கள் மட்டும் இல்லை. பொழுதுபோக்கு வரலாற்றில் ஏதோ ஒரு விடுபடல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பது நமது துணிபு. வடசென்னையைப் பற்றி நாம் எதை நினைவில் கொள்கிறோம், எதை மறக்கிறோம் என்ற பெரிய கணக்கின் ஒரு வரி இது.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது முன்கதை. செங்குன்றத்தைக் கடந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் வருவது சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் பெயராகத்தான் இன்று பலருக்கும் அது தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானங்களுக்காக ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தளம் மிஞ்சியது. இங்கிலாந்திலும் இதேதான் நடந்தது. இன்று உலகமே அறிந்த சில்வர்ஸ்டோன் பந்தயக்களம் முன்பு போர் விமானதளமாக இருந்ததே. இங்கே 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை சோழவரத்து ஓடுதளம்தான் தென்னிந்தியாவின், ஒரு பொருளில் இந்தியாவின், மோட்டார் பந்தயத் தலைநகரம். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கார்கள் வந்தன. வெட்டவெளியில், நிழலே இல்லாத இடத்தில், பல்லாயிரக்கணக்கானோர் நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்தார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது. சோழவரம் ஓய்ந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கோண்டல் அரச குடும்பத்தாரைச் சொல்வார்கள். விஜய் மல்லையாவைச் சொல்வார்கள். சந்தோக் குடும்பத்தைச் சொல்வார்கள். (அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையான கருண் 2010-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினார்.) கோவையின் கரிவரதனைக் கட்டாயம் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, பணக்கார வீட்டுப் பிள்ளை அல்லாதவனும் ஒருநாள் பந்தயக் காரில் உட்கார வழி உண்டு என்று காட்டியவர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவையின் பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்கள் எவருடைய இடத்தையும் குறைப்பது நமது நோக்கமன்று. அந்தப் பட்டியல் ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதே கேள்வி.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோழவரத்துக்குக் கிழக்கே, செங்குன்றம், மாதவரம், மணலி என்று வந்தால் கடற்கரையில் திருவொற்றியூரும் எண்ணூரும். 1949-இல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ். 1955-இல் அதுவே அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பேருந்துக்கும் போனது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதல் ஆண்டில் வெளிவந்த புல்லட்டுகள் வெறும் 163. எம்.ஆர்.எஃப். டயரின் கதையும் இதே ஊரில்தான். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் அதன் விதை. பின்னாளில் இந்திய மோட்டார் பந்தயத்துக்குப் பெரும்பொருள் கொடுத்ததும் அந்த நிறுவனமே. ஆக, கார் பூட்டிய ஊர், மோட்டார் சைக்கிள் செய்த ஊர், டயர் வார்த்த ஊர் மூன்றும் ஒரே கடற்கரைப் பட்டையில். பந்தயம் நடந்த ஓடுதளம் அங்கிருந்து ஒரு சைக்கிள் பயணத் தூரத்தில். துறைமுகத்திலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை வழியாக வடக்கே நீளும் அந்தப் பட்டையெங்கும் லேத்துகள், வார்ப்படப் பட்டறைகள், வெல்டிங் கடைகள். ஆலையில் பயிற்சி பெற்றவன் மாலையில் பட்டறையில் வேலை பார்த்தான். ஆலை கொடுத்த அளவுக் கண்ணும் பட்டறை கொடுத்த துணிச்சலும் ஒரே ஆளிடம் கூடியது இந்தப் பட்டையில்தான்.

அந்த ஆட்களுக்கு வேலை ஏன் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய கார்ச் சந்தையை நினைக்க வேண்டும். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவ்வளவுதான். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பந்தயக் கார் வேண்டுமென்றால் இறக்குமதி உரிமமும் ராஜபரம்பரைப் பணமும் தேவை. ஆகவே சோழவரத்துக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அப்பா அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் அதே கார். 1489 சி.சி. அம்பாசடர், 1089 சி.சி. ஃபியட், 948 சி.சி. ஹெரால்டு. பின் இருக்கையைக் கழற்று, பம்பரைக் கழற்று, ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டு, காற்று போகும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்கு, இன்னொரு கார்புரேட்டரைப் பூட்ட முடியுமா என்று பார், ஸ்பிரிங்கை வெட்டு. புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைத்தால் வாங்கு. கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள். வேகம் என்பது கடையில் விற்கும் சரக்காக இருக்கவில்லை. ஒருவர் தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

கடையில் விற்கும் காரைக் கொண்டே பந்தயம் ஓடுவது என்றதும் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் நினைவுக்கு வருவது இயல்பே. சோழவரத்தின் மறுபாதியைக் காட்டும் கண்ணாடி அதுதான் என்பதால், அதன் தொடக்க நாட்களைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது போன பின்னும் வரி கட்டாமல் மலைப்பக்கத்தில் சாராயம் காய்ச்சும் தொழில் தெற்கு மாநிலங்களில் நீடித்தது. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. சாராயம் கடத்துபவனுக்கு வேறென்ன வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் கார். உள்ளே முடுக்கிவிடப்பட்ட எஞ்சின். பின்னால் பாரம் ஏற்றினாலும் தாழாமல் நிற்க இறுக்கப்பட்ட ஸ்பிரிங். இரவில் வரித்துறைக்காரனிடமிருந்து தப்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாட்டு மேய்ச்சல் நிலத்தில் தங்களுக்குள் யார் வேகம் என்று பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கதை அளவுக்கு மீறி அழகுபடுத்தப்பட்டிருக்கிறது. அதன் இருட்டையும் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜியாவின் லாய்டு சீ என்ற இளைஞன் 1941 செப்டம்பர் முதல் நாள் அட்லாண்டாவில் பெரும் பந்தயமொன்றை வென்றான். மறுநாள், சாராயத்துக்கு வாங்கிய சர்க்கரைக் கணக்கில் தகராறு வந்து, சொந்த உறவினனே அவனைச் சுட்டுக் கொன்றான்.

ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் 1936-இல் நடந்த பந்தயத்தின் தடம் பாதி தார்ச்சாலை, பாதி கடல்மணல். ஓதம் ஏறிவிட்டால் தடமே இருக்காது. நடத்திய நகராட்சிக்கு நட்டம். அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த பில் ஃபிரான்ஸ் என்ற மெக்கானிக்தான், 1947 டிசம்பரில் அதே ஊரின் ஒரு ஓட்டல் மாடியில் சில பத்துப் பேரைக் கூட்டி, நாஸ்கார் என்று இன்று அறியப்படும் அமைப்புக்கு வித்திட்டார். அந்தப் பெயரைச் சொன்னவர் ரெட் வோக்ட். அட்லாண்டாவில் கார்ப் பட்டறை வைத்திருந்தவர். சாராயக்காரர்களின் கார்களையும் பந்தயக் கார்களையும் அதே கையால் முடுக்கியவர். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டோம். ஒரு பெரும் விளையாட்டு அமைப்புக்குப் பெயர் வைத்தவன் பட்டறைக்காரன் என்பது அங்கே ஏட்டில் இருக்கிறது.

1949 ஜூன் 19. சார்லட் நகரில் ஒரு மண்தடத்தில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கான முதல் பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது. சாராயக் கார்களின் வழக்கமான தந்திரம். வெற்றி பறிக்கப்பட்டு, கன்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுக்கப்பட்டது. காரின் உரிமையாளர் நீதிமன்றம் போனார், தோற்றார். அந்தச் சோதனை இல்லாதிருந்தால் அந்த ஸ்பிரிங்கைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. விதி என்று ஒன்று வந்ததும், அதை மீறிய கைவேலையும் ஆவணமாகிவிட்டது!

இதனால் அங்கே எல்லாம் நேர்மையாக எழுதப்பட்டது என்று கருதிவிடக் கூடாது. வெண்டல் ஸ்காட் வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர், கறுப்பினத்தவர், டாக்சி ஓட்டினார், இராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தார், சாராயமும் கடத்தினார். தன் காரைத் தானே பழுதுபார்த்துத் தானே ஓட்டியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் அவர் வென்றார். கொடி இன்னொருவருக்கு ஆட்டப்பட்டது. கூட்டம் கலைந்த பிறகு, சில மணி நேரம் கழித்து, கணக்கில் பிழை என்று சொல்லி வெற்றியை ஒப்புக்கொண்டார்கள், கோப்பை கொடுக்கவில்லை. அவர் 1990-இல் இறந்தார். நாஸ்கார் தன் கையால் குடும்பத்தாரிடம் கோப்பையைக் கொடுத்தது 2021-இல். ஐம்பத்தெட்டு ஆண்டுகள். ஆயினும், கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு சுற்றுக்கணக்கு இருந்தது, ஒரு தேதி இருந்தது, ஒரு பெயர் இருந்தது. நம்மூர் மெக்கானிக்கின் பேரன் கேட்க நினைத்தால் எதைக் காட்டிக் கேட்பான்?

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். எங்கள் நண்பர் ஒருவர் குறுக்கிடவும் செய்தார். "மதுவிலக்கு இங்கேயும் இருந்ததே? சாராயம் இங்கேயும் கடத்தப்பட்டதே? பின் ஏன் அப்படியொரு பந்தயம் இங்கே பிறக்கவில்லை?" நல்ல கேள்வி. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்த்தப்படும்வரை இருந்தது. சோழவரத்தின் முதல் இருபது ஆண்டுகளும் ஏறக்குறைய அந்தக் காலத்துக்குள் அடங்கும். கள்ளச்சாராயம் வடசென்னைக்குத் தாராளமாக வந்தது. ஆனால் எதில் வந்தது? ரப்பர் டியூபில். உடம்பில் சுற்றிக்கொண்டும், சைக்கிளில் வைத்துக்கொண்டும், ரயிலில் மறைத்துக்கொண்டும் வந்தது. அமெரிக்க ஏழையிடம் ஃபோர்டு இருந்தது. நம் ஏழையிடம் சைக்கிள் டியூப் இருந்தது. அங்கே காரும் சட்டமீறலும் திறமையும் ஓராளிடம் சேர்ந்தன. இங்கே கார் ஒருவரிடம், கைத்திறன் இன்னொருவரிடம், தப்பியோட வேண்டிய தேவை மூன்றாமவரிடம். மூவரும் மூன்று தெருவில் இருந்தார்கள். சோழவரத்தில் முதலிருவரும் ஒருநாள் சந்தித்தார்கள், முதலாளியாகவும் வேலைக்காரராகவும். ஆகவே ஓட்டியவரும் திருகியவரும் ஒருவரே என்ற அமெரிக்கக் கதாநாயகன் இங்கே பிறக்க வழியே இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மோட்டார் சைக்கிள். சோழவரத்தில் இருசக்கரப் பந்தயங்களும் நடந்தன. கார் எட்டாதவனுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள், கடன் வாங்கியாவது, எட்டியது. தானே பிரித்துத் தானே பூட்டி ஞாயிறன்று தானே ஓட்டிப் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஸ்டாக் கார் பந்தயத்தின் ஆரம்பகால ஆன்மா நம்மூரில் எங்காவது நடமாடியதென்றால் அது இவர்களிடம்தான்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். இங்கே எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் அதுதானே கவலை. 1965 மார்ச்சில் டாம் உல்ஃப் ‘எஸ்குயர்’ இதழில் ஜூனியர் ஜான்சன் என்ற பந்தயக்காரரைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். ஜான்சன் வட கரோலினாவின் மலைப்பக்கத்துச் சாராயக் குடும்பத்தவர். அப்பாவின் காய்ச்சுமிடத்தில் பிடிபட்டுச் சிறை போனவர். 1960-இல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர். நகரத்துப் படிப்பாளிகள் மூக்கைச் சுளிக்கும் ஓர் ஆளை, அவர் பேசும் மொழியின் ஓசையோடு, அவர் ஊரின் மண்ணோடு, கடைசி அமெரிக்க வீரன் என்று உல்ஃப் முன்னிறுத்தினார். பிறகு 1973-இல் திரைப்படம் வந்தது. 1986-இல் அதிபர் ரீகன் பழைய குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கினார். 2010-இல் நாஸ்கார் புகழரங்கின் முதல் ஐவரில் ஒருவரானார். இவை எல்லாம் ஒரு கட்டுரையால் வந்தன என்று சொல்லமாட்டோம். ஆனால் எழுத்து முதலில் போய் ஒரு கதவைத் தட்டியது.

1965-இல் சோழவரம் மும்முரமாக இருந்தது. தமிழ்ச் சிற்றிதழ்களும் அப்போது மும்முரமாகத்தான் இருந்தன. ஜெயகாந்தன் ரிக்‌ஷாக்காரரையும் சேரிவாசியையும் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் கிரீஸ் படிந்த கையோடு, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை விரல்நுனியால் அறியும் தொழிலாளியை, அவனுடைய வறுமைக்காக அன்றி அவனுடைய அறிவுக்காக எழுதிய தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. பசித்தவனாக, குடித்தவனாக, அடிபட்டவனாக, கொடி பிடித்தவனாக அவன் வருகிறான், நிபுணனாக வருவதில்லை. அண்மைக் காலத்தில் கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் தமிழ்ப்பிரபாவும் சென்னையின் உழைக்கும் மக்களை உள்ளிருந்தே எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பது பெரும் ஆறுதல். திரையில் 2007-இல் ‘பொல்லாதவன்’ ஒரு பைக்கை மையமாக வைத்தே வடசென்னையைச் சுற்றி வந்தது. ஆனாலும் அங்கே பைக் தொலைந்து போகிறது. யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை! (இது குறையன்று, படம் வேறொன்றைப் பற்றியது. ஆசையில் சொல்கிறோம்.)

குத்துச்சண்டைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். வடசென்னையின் பரம்பரைகள், கோதாக்கள், எதிரணிகள் எல்லாம் நெடுங்காலம் வாய்மொழியாகவே இருந்தன. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. உடனே பழைய புகைப்படங்கள் பெட்டிகளிலிருந்து வெளிவந்தன. தாத்தாக்கள் பேசத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். படத்தின் தரத்தைப் பற்றி எங்களுக்குள் இன்றும் சண்டை உண்டு. ஆனால் அது செய்த இந்த ஒரு காரியத்தில் இரண்டு கருத்தில்லை. கேரமும் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா வென்று திரும்பியபோதுதான், வடசென்னைத் தெருமுனைக் கேரம் மன்றங்கள் எவ்வளவு பெரிய பள்ளிக்கூடங்கள் என்பது தென்சென்னைக்கு உறைத்தது. குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் கைக்காசு அதிகம் கேட்காத விளையாட்டுகள் என்பதால் அவை தெருவிலேயே உயிர்பிழைத்தன. மோட்டார் பந்தயம் தெருவில் பிழைக்க முடியாது. தெருவுக்கு வந்தால் அது குற்றம்.

அந்தக் குற்றத்தைப் பற்றியும் பேசாமல் நழுவுவது நேர்மையாகாது. இரவில் சாலைகளில் பைக் ரேஸ் விடும் இளைஞர்களைப் பற்றி, ஆட்டோ ரேஸ் பற்றி, செய்தித்தாளில் அவ்வப்போது படிக்கிறோம். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் துறைமுகச் சாலைகளில் இது தற்கொலைக்குச் சமம், கொலைக்கும் சமம். சாலையில் நடந்து போகிறவர் எந்தப் பந்தயத்துக்கும் ஒப்புதல் கொடுக்கவில்லை. அதை வீரம் என்று எழுதுகிற பேனா எங்களிடம் இல்லை. வழக்குப் போடுவதும் வண்டியைப் பறிமுதல் செய்வதும் காவல்துறையின் கடமையே. ஆனால் பறிமுதல் செய்யப்பட்ட அந்த வண்டியைச் சற்று உற்றுப் பார்க்கும்படி கேட்கிறோம். சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறது, கார்புரேட்டர் மாற்றப்பட்டிருக்கிறது, பல்சக்கரத்தின் அளவு மாறியிருக்கிறது. அதையெல்லாம் யாரோ ஒரு பதினெட்டு வயதுப் பையன், வகுப்பறையில் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லப்பட்டவன், யூடியூப் பார்த்தும் பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் கேட்டும் செய்திருக்கிறான். பில் ஃபிரான்ஸ் காலத்தில் அவனை ஒரு தடத்துக்குள் அழைத்து, விதியைக் காட்டி, "இதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்" என்றார்கள். நம்மிடம் அவனைப் பற்றிய ஒரே ஆவணம் முதல் தகவல் அறிக்கை.

பந்தயம் என்பதே பணக்காரர்களின் கேளிக்கை, அதற்கு ஏன் இவ்வளவு மை என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடத்த ஏற்பாடாகியிருந்தது. மிக்ஜாம் புயல் வந்தது, நகரம் மூழ்கியது, பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. அதே வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மீனவர்கள் படகிலிருந்தபடி குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டார்கள். கையுறை வந்தது பிறகுதான். பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு விளக்குகளின் கீழ் நடந்தது. மூன்றரை கிலோமீட்டர்த் தடம், நேப்பியர் பாலத்தின் மேல் கார்கள் சீறிப் பாய்ந்தன. வடசென்னையிலிருந்தும் பையன்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே கியர் மாறும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த இருவரை எங்களில் ஒருவர் பார்த்தார். ஒருவன் கொருக்குப்பேட்டை, மற்றவன் தண்டையார்பேட்டை. அந்தப் பந்தயம் நடந்திருக்க வேண்டுமா கூடாதா என்ற விவாதம் நீதிமன்றம்வரை போனது. அதை இங்கே மீண்டும் தொடங்கவில்லை. பந்தயத்துக்கு எதிராகப் பேசியவர்களும் ஆதரித்தவர்களும் வடசென்னையைப் பாதிக்கப்பட்ட இடமாகத்தான் குறிப்பிட்டார்கள். இந்த விளையாட்டு இந்த மாநிலத்தில் எழுந்து நடக்கப் பழகியது அந்தப் பக்கத்து ஓடுதளத்தில், அந்தப் பக்கத்துக் கைகளில் என்று இரு தரப்பிலும் ஒருவர் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்? அரசு நினைவுச்சின்னம் கேட்டு மனு எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சோழவரத்தில் ஒரு பலகை வைத்தால் நல்லதுதான், வைக்கிறவர்கள் வைக்கட்டும். எழுதுகிறவர்களால் முடிந்தது வேறு. 1960-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். எழுபதுகளில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன்களும் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். கேட்க வேண்டியது யார் வென்றார் என்பதையன்று. எந்த லேத்தில் கடைந்தீர்கள், எந்த உலோகம், யாரிடம் கற்றீர்கள், கூலி எவ்வளவு, பந்தயத்தன்று உங்களை உள்ளே விட்டார்களா, எங்கே நின்று பார்த்தீர்கள், சாப்பாடு யார் கொடுத்தார், வண்டி வென்றால் உங்களுக்கு என்ன கிடைத்தது, தோற்றால் என்ன சொன்னார்கள். அவர்கள் பேசும் தமிழிலேயே, திருத்தாமல், எழுதிக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பச் சொற்களுக்கு நாம் அகராதியிலிருந்து தூய சொல்லைக் கொண்டுவந்து திணிக்கக் கூடாது. ‘ஹெட்டு எறக்கி’, ‘டைமிங் வெச்சு’ என்று அவர்கள் சொன்னால் அதுவே எழுத்தாக வேண்டும். அவர்களுடைய துறைமொழி அது.

முதற்கட்டமாக ராயபுரத்தில் இருவரையும் திருவொற்றியூரில் நால்வரையும் விசாரித்து வைத்திருக்கிறோம். காலடிப்பேட்டைப் பெரியவரிடம் அடுத்த ஞாயிறு மீண்டும் போகிறோம். சென்ற முறை கையில் தாளும் பேனாவும் மட்டுமே இருந்தன; இம்முறை ஒலிப்பதிவுக் கருவியோடு, ஒரு பழைய ஹெரால்டு எஞ்சினின் ஹெட்டையும் புதுப்பேட்டையில் தேடிக்கொண்டிருக்கிறோம். அதைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார் என்று அவருடைய மருமகள் சொன்னார்.